மலை நடைக்கு எந்தக் காம்பஸ்? கண்ணாடி, ஸ்க்ரூ, முள் பேலன்ஸ்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கெடிலக்கரை (கடலூர்)
வணக்கம். பேக்பேக்கிங்குக்கு ஒரு காம்பஸ் வாங்கணும். போற இடம் ஜவ்வாது மலை, கல்வராயன், வருஷத்துக்கு ஒருதரம் இமாச்சலம். கையில் சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 மேப் பிரிண்ட் இருக்கு. பட்ஜெட் 3,000 ரூபாய், அவசியம்னா கூட்டலாம். கண்ணாடி மூடி வெச்சது தேவையா? டிக்ளினேஷன் ஸ்க்ரூ வேணுமா? ராணுவ மாடல்னு விக்கிற பச்சை இரும்பு டப்பா எப்படி? போன்லயே காம்பஸ் இருக்கேன்னு சொல்றவங்களும் சொல்லுங்க, காரணத்தோட.

உப்பளம்_வடக்கு (புதுச்சேரி)
நீங்க கேட்ட மூணுக்கும் முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: முள் எந்த ஊருக்கு பேலன்ஸ் பண்ணது?

பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையா ஓடுறதில்ல. ஐரோப்பாவுல, அமெரிக்காவுல அது 60, 70 டிகிரி சாய்ஞ்சு தரைக்குள்ள இறங்குது. அதனால முள்ளோட வட முனை கீழே இழுபடும். அதைச் சமன் செய்ய தென் முனைப் பக்கம் கொஞ்சம் எடை கூட்டித்தான் தயாரிக்கிறாங்க. அதே முள்ளை நம்மூருக்குக் கொண்டுவந்தா இங்கே இழுக்க ஆளில்ல. புதுச்சேரி, கடலூர்ல சாய்வு 10 டிகிரி சுற்றித்தான். திருநெல்வேலி போனா கிட்டத்தட்ட பூஜ்யம், ஏன்னா காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாத்தான் போகுது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைச்சதுக்கும் அந்தக் கோடுதான் காரணம். ஆக, கூட்டின எடை வீணா நின்னு தென் முனையைக் கீழே அழுத்தும். முள் கேப்சூலோட (முள் மிதக்கிற திரவக் கூடு) அடியைத் தொட்டு உரசும். உரசுற முள் பழைய திசையிலேயே ஒட்டிக்கிட்டு நிக்கும், நீங்க 20 டிகிரி திரும்பினாலும் அசையாது. இதுதான் ஆபத்து. பார்க்க ஒழுங்கா இருக்கும், காட்டுறது பொய்யா இருக்கும்.

பழைய கணக்குப்படி உலகத்தை 5 மண்டலமாப் பிரிப்பாங்க. இந்தியாவின் பெரும்பகுதி 2-ஆம் மண்டலம். இப்ப சில கம்பெனிகள் வட அரைக்கோளம், தென் அரைக்கோளம்னு ரெண்டோட நிறுத்திக்குது. பெட்டியில ‘என்.ஹெச்.’னு போட்டிருந்தா வட அரைக்கோளம். அது டெல்லிக்கு மேல சிக்கலில்லாம ஓடும். நம்மூர்ல ஓடுமாங்கிறதைக் கையில வெச்சுப் பார்த்துத்தான் சொல்லணும். ‘குளோபல்’னு போட்டிருந்தா, இல்ல மாடல் பேருக்குப் பின்னால தனியா ‘ஜி’ இருந்தா எங்கேயும் ஓடும். அந்த வகையில காந்தத்தையும் முள்ளையும் தனித்தனியா ஏற்றியிருப்பாங்க. காந்தம் சாய்ஞ்சாலும் முள் சாயாது. கையை 20 டிகிரி வரை கோணலாப் பிடிச்சாலும் சுத்தும்.

செஞ்சி_முகடு
மேலே சொன்னது முழுக்கச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நம் பகுதியில் கிடைமட்டக் காந்த விசை பலமானது, 40,000 நானோடெஸ்லா அளவு. ஸ்வீடன், பின்லாந்து பக்கம் அதில் பாதி கூடக் கிடையாது. ஆகவே பேலன்ஸ் சரியாக இருக்கும் முள் இங்கே சட்டென்று திரும்பி, சில நொடிகளில் நிலைக்க வேண்டும். இங்கேயே சோம்பலாகத் திரும்பினால் அந்த முள்ளில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்ளினேஷன் ஸ்க்ரூவுக்கு வருவோம். உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் டிக்ளினேஷன்; அதை டயலிலேயே திருத்தி வைக்கத்தான் ஸ்க்ரூ. அந்த வித்தியாசம் வட தமிழகத்தில் மேற்கே 1 முதல் 2 டிகிரி. இமாச்சலம், உத்தராகண்ட், லடாக் பக்கம் கிழக்கே 1 முதல் 3 டிகிரி. ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் விலகுவோம், 2 டிகிரிக்கு 35 மீட்டர். கையில் பிடித்துப் பார்க்கும் பிழையே இதைவிட அதிகம். இந்தியாவுக்குள் நடப்பவர் ஸ்க்ரூவுக்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நியூசிலாந்து போகிறவருக்கு அது அவசியம், அங்கே 20 டிகிரிக்கு மேல் கிழக்கு. அங்கே முள்ளும் வேறு மண்டலம்.

அமெரிக்க யூடியூப் வீடியோக்களில் டிக்ளினேஷனையே முதல் பாடமாக வைப்பார்கள். அவர்கள் நாட்டில் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் 25 டிகிரிக்கு மேல் மாறுவதால் அது நியாயம். அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்து, மேற்கா கிழக்கா, கூட்டலா கழித்தலா என்று குழம்பி, 2 டிகிரியைத் திருத்தப் போய் 4 டிகிரி தவறு செய்வதைவிட விட்டுவிடுவது மேல்.

முதுநகர்_துறை (கடலூர்)
அண்ணே, துறைமுகத்துப் பக்கம் படகுச் சாமான் கடையில நல்ல காம்பஸ் கிடைக்கும், உருண்டையா எண்ணெய்க்குள்ள கார்டு மிதக்கும். அதை வெச்சு நடக்க முடியாதா?

செஞ்சி_முகடு
முடியாது என்று இல்லை, வசதிப்படாது தம்பி. படகு காம்பஸில் முள் கிடையாது, மொத்தக் கார்டே திரும்பும். படகு ஆடினாலும் மட்டமாக நிற்பதற்கான அமைப்பு அது, எடை அதிகம். மேப்பின் மேல் வைத்துக் கோடு பிடிக்க நேரான விளிம்பும் இல்லை. மலை நடைக்கு வேண்டியது பேஸ்பிளேட் வகை, அதாவது தட்டையான பிளாஸ்டிக் பிளேட்டின் மேல் முள்ளும் டயலும் வைத்தது.

பச்சை டப்பாவுக்கும் இதே பதில்தான். அது லென்சாடிக் வகை. தூரத்துப் பொருளைக் கம்பி வழியாகக் குறிவைத்து லென்சில் எண் படிப்பது. அசல் என்றால் கேமெங்கா 3ஹெச்; உள்ளே திரவம் இல்லாமல் காந்தத் தூண்டலால் ஆட்டத்தை அடக்கும், இரவில் ட்ரிடியம் ஒளிரும் (12 ஆண்டில் பாதியாக மங்கும்). கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது அதன் தோற்றம் மட்டும். கம்பி வளைந்திருக்கும், லென்ஸ் எண்ணோடு பொருந்தாது, கார்டு நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அசலே ஆனாலும் மேப்பில் கோணம் எடுக்கத் தனியாக ப்ரொட்ராக்டர் வேண்டும்.

கெடிலக்கரை
அப்ப பேஸ்பிளேட்டுன்னே வெச்சுக்கறேன். அதுல என்னென்ன இருக்கணும்? கண்ணாடி?

உப்பளம்_வடக்கு
இருக்க வேண்டியது: நிறமில்லாத தெளிவான பிளேட், நீளம் 10 செ.மீ.க்குக் குறையாம (குட்டையா இருந்தா 1:50,000 மேப்பில் ரெண்டு புள்ளியையும் விளிம்பு தொடாது). 2 டிகிரிக்கு ஒரு கோடு போட்ட டயல். டயலுக்குள்ள வடக்கு தெற்கா ஓடும் இணைகோடுகள், முள் உட்காரும் அம்புக்குறி. ஓரத்துல 1:50,000 அளவுகோல். கழுத்துல மாட்டக் கயிறு. அவ்வளவுதான். லூப் லென்ஸ் (உருப்பெருக்கி) இருந்தா கான்டூர் (உயரக் கோடு) எண் படிக்க உதவும். ரப்பர் கால் இருந்தா மேப்பில் வழுக்காது.

சுவுண்டோ ஏ-10, ஏ-30, எம்-3, சில்வா ஃபீல்ட், ரேஞ்சர் எல்லாம் இந்த வர்க்கம். எடை 30, 45 கிராம்தான். கண்ணாடி வெச்ச எம்சி-2 மாதிரி மாடல்கள் 70, 80 கிராம் வரும்.

கண்ணாடியோட பயன் என்னன்னா, கண் மட்டத்துல பிடிச்சு தூரத்து முகட்டையும் டயலையும் ஒரே பார்வையில பார்க்கலாம். இடுப்பு மட்டத்துல பிடிச்சுப் பார்த்தா பிழை 3, 5 டிகிரி வரும், கண்ணாடியில 1, 2-க்குள்ள அடங்கும். 5 டிகிரின்னா ஒரு கிலோமீட்டருக்கு 87 மீட்டர். ஜவ்வாதுல, கல்வராயன்ல மரத்துக்குள்ள நடக்கிறப்போ குறிவைக்கத் தூரத்துல ஒண்ணும் தெரியாது, கண்ணாடி சும்மா இருக்கும். மரம் முடிஞ்ச மேல் இமாச்சலத்துல கணவாயும் முகடும் 5, 6 கிலோமீட்டர் தள்ளித் தெரியும், அங்கே உதவும். உங்க பட்ஜெட்டுக்குக் கண்ணாடி இல்லாத, முள் நல்லா இருக்கிறதை வாங்குங்க.

வில்லியனூர்_வழி
பிரான்சுல இருந்து உறவுக்காரங்க வாங்கிட்டு வர்ற காம்பஸ் பத்தியும் சொல்லிடுங்க, நம்ம ஊர்ல நிறைய புழங்குது.

உப்பளம்_வடக்கு
ஆமா, முக்கியம். அங்கே கடையில கிடைக்கிறது அந்த ஊர் மண்டலத்துக்கு பேலன்ஸ் ஆனது. வாங்கச் சொல்றப்பவே ‘குளோபல் முள்’னு சொல்லி அனுப்பணும். இன்னொண்ணு, டயலைப் பாருங்க. ஒரு சுற்று 360 இல்லாம 400 கிராடா பிரிச்ச டயலும், 6,400 மில்லா பிரிச்ச ராணுவ டயலும் உண்டு. கிழக்கு 90-க்கு பதிலா 100-ன்னு இருந்தா அது கிராட். காம்பஸ் பழுதில்ல, ஆனா கூட வர்றவர் ‘பேரிங் 150’னு (பேரிங்னா வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றுல எண்ணுற திசைக் கோணம்) சொன்னா ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் போவீங்க.

கெடிலக்கரை
கடையில போய் நிக்கிறப்போ எப்படிப் பரிசோதிக்கிறது? ஆன்லைன்ல வந்தாலும் திருப்பி அனுப்பறதுக்குள்ள பார்க்கணும்.

செஞ்சி_முகடு
முதலில் கடைக்கு வெளியே வாருங்கள். கண்ணாடி அலமாரியின் இரும்புச் சட்டம், பில் போடும் மெஷின், ஸ்பீக்கர் எல்லாம் முள்ளை இழுக்கும். பைக், கார் பக்கத்தில் நிற்க வேண்டாம், 18 மீட்டர் தள்ளி நில்லுங்கள். உயர் அழுத்த மின்கம்பி என்றால் 55 மீட்டர். இவை அமெரிக்க ராணுவக் கையேட்டு அளவுகள், சற்றுத் தாராளமானவை. நெய்வேலிப் பக்கம் இந்தக் கம்பிகளுக்குப் பஞ்சமில்லை. கைக்கடிகாரம், போன், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் விலக்குங்கள். இரண்டு காம்பஸை ஒப்பிடுவதானால் ஒன்றுக்கொன்று அரை மீட்டராவது இடைவெளி வேண்டும், பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும்.

உள்ளங்கையில் மட்டமாகப் பிடித்துக் கண்ணை முள்ளின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். இரு முனைகளுக்கும் கீழே, மேலே இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு மட்டம் குலையாமல் நீங்கள் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். முள் உங்களோடு இழுபட்டு வரக்கூடாது. அடுத்து, ஒரு சாவியை அருகே காட்டி முள்ளைத் திருப்பிச் சாவியை அப்புறப்படுத்துங்கள். ஐந்து முறை செய்தால் ஐந்து முறையும் 2 டிகிரிக்குள் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். இடப்பக்கம் தள்ளினால் ஓரிடம், வலப்பக்கம் தள்ளினால் வேறிடம் என்றால் முள் அமரும் கூர்முனை தேய்ந்திருக்கிறது, இல்லை தூசி.

டயலை 0-வில் வைத்து, உள்ளே உள்ள இணைகோடுகள் பிளேட்டின் நீள விளிம்புக்கு இணையா என்று மேப்பின் கட்டக் கோட்டில் வைத்துப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் இது 2, 3 டிகிரி கோணலாக இருக்கும். முள் எவ்வளவு நல்லதானாலும் இந்தப் பிழையைத் திருத்த முடியாது. டயல் இறுக்கமாகத் திரும்ப வேண்டும், புதருக்குள் உரசித் தானாகத் திரும்புமளவு தளர்வு கூடாது.

முதுநகர்_துறை
திரவத்துல குமிழ் இருந்தா?

செஞ்சி_முகடு
6 மி.மீ.க்குக் குறைவான குமிழ் முள்ளைப் பாதிக்காது. உயரத்திலும் குளிரிலும் சின்னக் குமிழ் தோன்றும், இறங்கியதும் மறையும். கீழே இறங்கிய பின்னும் மறையாமல் வாரா வாரம் வளர்ந்தால் கேப்சூல் கசிகிறது, திரவம் குறைந்த இடத்தை முள் தொடும்போது ஒட்டிக்கொள்ளும். கசிவுக்கு நம்மூரில் பெரும்பாலும் காரணம் வெயில்: நிறுத்திய காரின் டேஷ்போர்டு, பைக்கின் முன் பை. திரவம் விரிந்து கேப்சூலின் ஒட்டிய இணைப்பைப் பிளக்கும். கொசு விரட்டிக் களிம்பில் உள்ள டீட் பிளாஸ்டிக்கின் எழுத்துகளைக் கரைத்துவிடும், பூசிய கையோடு தொடாதீர்கள்.

வில்லியனூர்_வழி
வடக்கும் தெற்கும் தலைகீழா மாறிப் போறது நிஜமா?

உப்பளம்_வடக்கு
நிஜம். வலுவான காந்தத்தோட ஒட்டி வெச்சா முள்ளோட துருவமே மாறும். பைக் பெட்ரோல் டேங்க் மேல ஒட்டுற காந்தப் பை, போன் ஃபிளிப் கவரோட மூடி, காந்தத்துல ஒட்டுற சார்ஜர், நெஞ்சுப் பட்டையில தண்ணிக் குழாய் மாட்டுற காந்தக் கிளிப், இயர்போன் டப்பா எல்லாம் இதைச் செய்யும். பாதி மாறின முள் இன்னும் மோசம், மந்தமா எங்கேயோ நிக்கும். திருப்பிச் சரி பண்ண, பெரிய காந்தத்தோட தென் துருவத்தை முள்ளின் நடுவிலிருந்து சிவப்பு முனை வரை கேப்சூல் மேலேயே ஒரே திசையில பல தடவை இழுங்க. ஒவ்வொரு தடவையும் தூக்கித் திரும்பி நடுவுக்கு வரணும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னாடி வடக்கை ஒருதரம் சரிபாருங்க. துருவ நட்சத்திரம் புதுச்சேரியில அடிவானத்துக்கு மேல 12 டிகிரிதான், அதாவது கையை நீட்டிப் பிடிச்ச ஒரு முஷ்டியை விடச் சற்று மேலே. புகைமூட்டத்துல பெரும்பாலும் தெரியாது. பகல்ல நிழலை நம்புறவங்க ஒண்ணு கவனிக்கணும்: ஏப்ரல் மூணாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூணாம் வாரம் வரை நம்மூர்ல உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் நிக்கும், உச்சி நிழல் தெற்கே விழும். ‘உச்சி நிழல் வடக்கு காட்டும்’னு பாடம் பண்ணவங்க அந்த நாலு மாசமும் தலைகீழாப் போவாங்க. உச்சியும் சரியா 12 மணி கிடையாது. நவம்பர் தொடக்கத்துல 11.54, பிப்ரவரி நடுவுல 12.25.

கெடிலக்கரை
ஒரு ஐரோப்பியத் தயாரிப்பு பேஸ்பிளேட் வந்தது, இப்ப மொட்டை மாடியில இல்லாம திறந்த மைதானத்துல வெச்சுப் பார்த்தேன். கறுப்பு முனை அடியைத் தொடுது. மட்டமா பிடிச்சுச் சுத்தினா முள் கூடவே வருது. தெற்குப் பக்கத்தை கொஞ்சம் தாழ்த்திப் பிடிச்சா, சுமார் 15 டிகிரி, சுதந்திரமா சுத்துது. குமிழ் இல்ல. திரும்பத் திரும்பப் பார்த்தா 1 டிகிரிக்குள்ள அதே இடம். இது பழுதா?

உப்பளம்_வடக்கு
பழுதில்ல, மண்டலம் மாறினது. தென் முனை இறங்குது, தெற்கைத் தாழ்த்தினா விடுபடுது. ஐரோப்பா பக்கத்துக்கான 1-ஆம் மண்டல முள்ளுக்கு நம்மூர்ல இதுதான் அடையாளம். கூர்முனை நல்லா இருக்கு, அதான் ஒரே இடத்துல வந்து நிக்குது. மொட்டை மாடியை விட்டது சரி, காங்கிரீட்டுக்குள்ள கம்பி. திருப்பி அனுப்பி குளோபல் கேளுங்க.

செஞ்சி_முகடு
இங்கே நான் மாறுபடுகிறேன். மணாலிப் பக்கம் சாய்வு ஏறக்குறைய 50 டிகிரி. இதே காம்பஸ் அங்கே கிட்டத்தட்ட மட்டமாக ஓடும். குளோபல் முள்ளுக்கு விலை அதிகம். இமாச்சலத்துக்கு இதை வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டு மலைகளுக்கு 2-ஆம் மண்டலத்தில் சாதாரணமான ஒன்று வாங்கலாமே. தமிழ்நாட்டு வனத்துறைப் பாதைகளில் வழிகாட்டி கூடவே வருவார், அங்கே காம்பஸ் பெரும்பாலும் பழகத்தான்.

உப்பளம்_வடக்கு
ரெண்டு வெச்சிருந்தா அவசரத்துல தப்பானதை எடுத்துப் பையில போடுவோம். அதோட, பழகுறது இங்கே, தேவைப்படுறது அங்கே. பழகின பொருளே கையில இருக்கணும். என் ஓட்டு ஒரே குளோபலுக்குத்தான்.

வில்லியனூர்_வழி
போன் காம்பஸ் பத்தி யாரும் சொல்லலையே. அதுக்கு சாய்வுப் பிரச்சினையே இல்ல, மூணு அச்சிலயும் அளக்கும். ஆனா கவர்ல காந்தம் இருந்தா 30 டிகிரி கூட விலகும், எட்டு போட்டு ஆட்டி காலிப்ரேட் பண்ணணும், அமைப்புல ‘உண்மை வடக்கு’ ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு பார்க்கணும். குளிர்ல பேட்டரி விழும். ஜிபிஎஸ்ஸுக்கு போன், திசைக்கு முள். இன்னொண்ணு: இன்ரீச் (சாட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற கருவி), சாட்டிலைட் போன் இதெல்லாம் அனுமதி இல்லாம இந்தியாவுல வெச்சிருக்கக் கூடாது. வெளிநாட்டு வீடியோ பார்த்து வாங்கிடாதீங்க.

கெடிலக்கரை
குளோபலே சொல்லிட்டேன். வந்ததும் பழக எங்கே போகலாம்?

செஞ்சி_முகடு
செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் முக்கோணமாக நிற்பதால் இருக்கும் இடம் கண்டுபிடிக்கப் பழக அதைவிட வாகான இடம் பக்கத்தில் இல்லை. பிளேட்டில் வரைந்திருக்கும் பயண அம்பை ஒரு குன்றின் உச்சிக்கு நீட்டுங்கள். சிவப்பு முள் டயலின் அம்புக்குள் அமரும்வரை டயலைத் திருப்புங்கள். எண்ணைப் படித்ததும் டயலைத் தொடாமல் மேப்பில் வையுங்கள். விளிம்பின் முன்கோடி அந்தக் குன்றைத் தொடட்டும்; டயலின் இணைகோடுகள் மேப்பின் வடதெற்குக் கோட்டுக்கு இணையாகும்வரை முழுக் காம்பஸையும் திருப்புங்கள், இந்த நேரத்தில் முள்ளைப் பார்க்கவே கூடாது. விளிம்பில் கோடு இழுங்கள். இரண்டாவது குன்றுக்கும் அதே. இரண்டு பேரிங்குக்கும் இடையே 60 முதல் 120 டிகிரி இருந்தால்தான் கோடுகள் தெளிவாக வெட்டும். மூன்றாவது கோடு சரிபார்க்க. மூன்றும் ஒரு புள்ளியில் சேராது, சின்ன முக்கோணம் விழும். 1:50,000-இல் அதன் பக்கம் 4 மி.மீ.க்குள், அதாவது 200 மீட்டருக்குள் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். பெரிதாக விழுந்தால் ஏதோ ஒரு குன்றை மேப்பில் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். கோடு குன்றுக்கு எதிர்ப்புறம் ஓடினால் முள்ளின் கறுப்பு முனையை அம்பில் உட்காரவைத்திருக்கிறீர்கள், 180 டிகிரி.

மேப்பைக் கார் பானெட் மேல் விரிக்க வேண்டாம்.

முதுநகர்_துறை
திருவண்ணாமலை கவுத்திமலை, வேடியப்பன் மலைப் பக்கம் பழகலாமா? கடலூர்ல இருந்து பஸ் வசதி.

செஞ்சி_முகடு
அங்கே வேண்டாம். அந்த மலைகளில் மேக்னடைட் இரும்புத் தாது. சேலம் கஞ்சமலையும் அப்படியே. பாறையை ஒட்டி நின்றால் முள் பாறை சொல்வதைக் கேட்கும். சந்தேகமுள்ள எந்த இடத்திலும் ஒரு வழி உண்டு: முன்னால் 50 மீட்டரில் ஒரு மரத்துக்கு பேரிங் எடுங்கள், மரத்தடிக்குப் போய் நின்ற இடத்துக்குத் திரும்பவும் பேரிங் எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 180 வர வேண்டும். 170, 188 என்று வந்தால் இரண்டில் ஓரிடத்தில் கீழே இரும்பு இருக்கிறது. 20 மீட்டர் நகர்ந்து மறுபடி எடுங்கள்.